ஊசியில் போவது சப்ளிமென்ட் ஆகாது: மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை,
டி.எம்.எஸ். வளாகம், தேனாம்பேட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டிப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக 29 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை முடிந்தாலும் ‘நர்சம்மா’ என்ற பேர் போகவில்லை. பிரஷர் பார்க்க, கட்டு மாற்ற, டாக்டர் எழுதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்க, வாரத்துக்கு நாலு பேராவது வாசலில் வந்து நிற்பார்கள். போன சித்திரையில் மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு அம்மா வந்தார்.

“நர்சம்மா, பாப்பாவுக்கு ஒரு ஊசி போட்டுவிடணும். எப்பவும் போடுற பொண்ணு ஊருக்குப் போயிட்டா.”

“என்ன ஊசிம்மா? சீட்டு இருக்கா?”

“சீட்டெல்லாம் இல்ல. சத்து ஊசிதான். சப்ளிமென்ட்.”

மகளுக்கு ஆவணியில் கல்யாணம். நிறம் கூட வேண்டும் என்று குளுட்டாதயோன் ஊசி. ஒரு பியூட்டி பார்லர் மூலமாக வாட்ஸ்அப்பில் பணம் கட்டி வாங்கியிருக்கிறார்கள். கூரியரில் வந்திருக்கிறது. ஆறு குப்பி.

அவர் பிரிட்ஜைத் திறந்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். கதவில் முட்டை வைக்கும் குழிகளில் நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். கீழ்த்தட்டில் தோசை மாவு. குப்பிகளின் அட்டைப் பெட்டி இல்லை, இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப் போட்டாயிற்று. மூன்று குப்பிகளில் வெள்ளைத் தூள். நான்காவதில் பாதி அளவு தண்ணீர் போன்ற மருந்து. அதன் ரப்பர் மூடியில் ஒரு ஊசி குத்தியபடியே நின்றது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குத்த வேண்டாமே என்று, எப்பவும் ஊசி போடுகிற பெண் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஊசியின் பின்வாய் திறந்து கிடக்க, அதன் மேல் ஒரு பஞ்சு. “செவ்வாய்க்கிழமை கலக்கினது. பாதி பாதியா போட்டா ரெண்டு வாரத்துக்கு வரும்ல” என்றார் அம்மா. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆறு நாளில் எங்கள் தெருவில் கரண்ட் போன நேரத்தைக் கூட்டினால் ஒரு பகல் தேறும்.

என் கை நடுங்கிவிட்டது. மிகைக்காக எழுதவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டிக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவோம். 2 முதல் 8 டிகிரி. அதற்குக் கீழே போனாலும் தப்பு, மேலே ஏறினாலும் தப்பு. பி.சி.ஜி., தட்டம்மைத் தடுப்பூசிகள் தூளாக வரும். கரைத்தால் 4 மணி நேரம்தான். அதற்குள் இரண்டு குழந்தை வந்தாலும் சரி, ஒரு குழந்தை வந்தாலும் சரி, மீதியை ஒதுக்கிவிட வேண்டும். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஊசியும் கையுமாக இருந்தேன். அந்த நாளுக்குப் பிறகு, கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதாமல் நான் ஒரு சொட்டு மருந்தையும் உறிஞ்சியதில்லை. ஊசி போட்டபின் குழந்தையை அரை மணி நேரம் வாசல் பெஞ்சிலேயே உட்கார வைப்போம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் தடுப்பூசிக்கே இத்தனை காவல். இங்கே, யார் செய்தது என்றே தெரியாத ஒரு தூளை ஒரு சின்னப் பெண்ணின் ரத்தக் குழாயில் முட்டைக் குழியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வீட்டார் படிக்காதவர்கள் இல்லை. மகள் பி.காம். முடித்தவள். அப்பா தபால் துறையில் இருந்தவர். அவர்களிடம் இல்லாதது ஒரே ஒரு காகிதம். அந்த மருந்தை எப்படி வைப்பது, எப்படிக் கரைப்பது, எப்போது தூக்கி எறிவது என்று அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லும் காகிதம். குப்பியின் லேபிளில் இருந்தது ஆங்கிலமும் கொரிய எழுத்தும். அதில் அந்த அம்மாவால் படிக்க முடிந்தது ‘600’ என்ற எண் மட்டும்.

குளுட்டாதயோன் விஷம் இல்லை, எனக்குத் தெரியும். குளுட்டமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம் அது. நம் உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், அதை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பைக் கெடுக்காமல் இருக்கச் சில நாடுகளில் இதைத் துணை மருந்தாகக் கொடுக்கிறார்கள். கல்லீரல் நோய்க்கும் மருத்துவர்கள் எழுதுவதுண்டு. அப்படி மருத்துவர் எழுதி, மருத்துவமனையில் படுத்து ஏற்றிக்கொள்கிறவர்கள் இந்த மடலைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

நான் பேசுவது வீட்டுப் பிரிட்ஜைப் பற்றி. அங்கே இந்த மருந்துக்கு நடப்பது இதுதான்.

சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது. மருந்தின் வேலை முழுக்க அந்தக் கந்தக முனையில்தான். தூளாக, மூடி திறக்காமல், வெளிச்சம் படாமல் இருக்கும்வரை அது பத்திரம். தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து காற்றில் உள்ள ஆக்சிஜன் அந்த முனையைத் தின்னத் தொடங்குகிறது. இரண்டு இரண்டு சரங்கள் ஒட்டிக்கொண்டு வேறு பொருளாகிவிடும். வெயிலும் வெளிச்சமும் அதை வேகமாக்கும். கொடுமை என்னவென்றால், அப்படி ஆனது கண்ணுக்குத் தெரியாது. பால் கெட்டால் திரியும். மாவு புளித்தால் பொங்கும். இது பளிங்கு மாதிரி அப்படியே நிற்கும். முகர்ந்து பார்த்தும் பயனில்லை, நல்ல மருந்துக்கே லேசான கந்தக வாடை உண்டு. ஆகவே செவ்வாய்க்கிழமை கரைத்ததை ஞாயிற்றுக்கிழமை போடும்போது எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

மருந்து வீணாய்ப் போவதுகூடப் பரவாயில்லை. ஒரு வேளைக்கான குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் கலந்திருக்காது. முதல் குத்தோடு அதன் சுத்தம் முடிந்தது. மூடியில் ஊசியை நிறுத்தி வைத்தால் அது கிருமிக்குத் திறந்து வைத்த வாசல். குளிரில் கிருமி மெதுவாக வளரும், சாகாது. கலங்கலாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு மில்லியில் லட்சக்கணக்கில் பெருகியிருக்க வேண்டும். அதற்கு முன்பே ரத்தத்தில் போனால் போதும், குளிர் நடுக்கம் வந்துவிடும்.

அந்த அம்மாவின் மகளுக்கு மூன்றாவது ஊசி போட்ட அன்று ராத்திரி நடுக்கம் வந்திருக்கிறது. பல் கிட்டிக்கொண்டதாம். “காய்ச்சல்னு நினைச்சு பாராசிட்டமால் குடுத்தேன் நர்சம்மா” என்றார் அம்மா. ஊசிக்கும் நடுக்கத்துக்கும் முடிச்சுப் போட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘சத்து’ என்றால் நடுக்கம் வரும் என்று யார்தான் நினைப்பார்கள்?

இந்த ‘சப்ளிமென்ட்’ என்ற சொல்லைத்தான் நான் உங்கள் முன் வைக்க வந்தேன். 2019-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. வாயால் சாப்பிடும் சத்து மாத்திரைக்காகத் தயாரித்த குளுட்டாதயோன் தூளை வாங்கி ஊசி மருந்தாக்கியிருக்கிறார்கள். போட்டுக்கொண்டவர்களுக்கு வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவு. தூளில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு அளவுக்கு மீறி இருந்தது. வயிற்றுக்குள் போனால் அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ரத்தத்துக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும். கொதிக்க வைத்தாலும் அந்த நச்சு போகாது. சாப்பிடும் பொருளுக்கும் ஊசிப் பொருளுக்கும் நடுவே இருக்கிற தூரம் அவ்வளவு.

நம் சட்டத்துக்கும் அந்தத் தூரம் தெரியும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் பாருங்கள். சத்துப்பொருள் தூளாக இருக்கலாம், மாத்திரையாக இருக்கலாம், திரவமாக இருக்கலாம், ஆனால் வாயால் உட்கொள்வதற்கே. ஊசி வடிவம் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதாவது ஊசியில் போகிற எதற்கும் ‘சப்ளிமென்ட்’ என்ற பெயரே செல்லாது. சரி, மருந்து என்றே விற்கட்டும் என்றால், அங்கேயும் வழியில்லை. மருந்து விதிகள் 1945-ல் 106-ஆம் விதி, அதோடு சேர்ந்த ‘ஜே’ அட்டவணை. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லி விற்கக் கூடாதவற்றின் பட்டியல் அது. புற்றுநோய், சர்க்கரை நோய் எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் ‘தோலின் வெண்மை’யும் இருக்கிறது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஆய்வாளர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஒரு பார்லர் கதவில் ‘குளுட்டா ஊசி, 6 வாரத்தில் நிறம்’ என்று பிளெக்ஸ் தொங்குகிறது. மாதக் கணக்கில் தொங்குகிறது. அதைக் கடந்துதான் எல்லா அலுவலர்களின் ஜீப்பும் போகிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இந்த ஊசிப் பழக்கம் நமக்கு முன்பே பரவிவிட்டது. அவர்களுடைய எஃப்.டி.ஏ. 2011-லும் மறுபடி 2019-லும் எச்சரித்தது: நிறத்துக்காக இந்த ஊசிக்கு அனுமதி இல்லை, கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் கெடலாம், தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரலாம் என்று. கூடவே போடும் வைட்டமின் சி ஊசியைப் பற்றியும் சொன்னார்கள். அது சிறுநீரகத்தில் கல் சேர்க்கலாம், ஜி6பி.டி. என்சைம் குறைவானவர்களுக்கு ரத்த அணுக்களை உடைக்கலாம். எங்கள் தெருப் பெண்ணுக்கும் இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்துதான் போட்டிருக்கிறார்கள்.

நிறமாவது வந்ததா என்று கேட்டால், பாகிஸ்தானில் 50 பெண்களை வைத்து நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. சிலருக்கு லேசாக மாறியது. ஆறு மாதத்தில் அதுவும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் போய்விட்டது. பலருக்குக் கல்லீரல் பரிசோதனை முடிவுகள் கெட்டன. ஒருவருக்கு உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தது. ரத்தத்தில் ஏற்றிய குளுட்டாதயோனை உடம்பு சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைத்துவிடுகிறது, பிறகு எங்கிருந்து நிற்கும்?

அந்த வீட்டில் இன்னொரு பெட்டியையும் பார்த்தேன். தீர்ந்தால் வாங்க மாதிரிக்கு அனுப்பியதாம். அதன் மேல் 70,000 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. 70,000 மில்லிகிராம் என்றால் 70 கிராம். சமையல் தராசில் 70 கிராம் உப்பை நிறுத்துக் காட்டினேன். ஒரு சின்னக் கிண்ணம் நிறைந்தது. “இது முழுக்க உங்க சுண்டு விரல் உயரக் குப்பிக்குள்ள எப்படிம்மா இருக்கும்?” என்றேன். மகள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அந்த உப்புக் கிண்ணம் புரிய வைத்த அளவுக்கு என்னுடைய அரை மணி நேரப் பேச்சு புரிய வைக்கவில்லை.

மறுநாள் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் பார்த்தார்கள். கல்லீரல் அளவுகளில் ஒன்று ஏறியிருந்தது, இரண்டு மாதத்தில் இறங்கிவிட்டது. நன்றாக இருக்கிறாள். கல்யாணமும் அதே மாநிறத்தில், லட்சணமாக நடந்தது.

இதற்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. போட்டு முடித்த ஊசிகள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலாவது போட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பாலிதீன் பையில் கட்டி, காய்கறித் தோலோடு சேர்த்துத் தெருக்குப்பை வண்டியில் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வண்டி தள்ளிவரும் தூய்மைப் பணியாளர் ஒரு பெண். கையுறை பாதி நாள் இருக்காது. சுகாதார நிலையத்தில் ஒரு ஊசி போட்டால் அங்கேயே ஹப் கட்டரில் நறுக்கி, குத்தினால் கிழியாத வெள்ளை டப்பாவில் போடுவோம். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் சேரும் ஊசியையும் சிரிஞ்சையும் வீட்டு அபாயக் கழிவு என்றுதான் தனியே வகைப்படுத்தின. இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளிகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! அவர்களுக்கும் இதே கேள்விதான்: ஊசியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? எங்கள் ஊரில் நான் விசாரித்தவரை யாரிடமும் பதில் இல்லை.

ஆகவே நான் கேட்பது இவைதான். ‘சப்ளிமென்ட்’ என்ற பெயரில் ஊசி விற்பதை, கடையானாலும் பார்லரானாலும் கைப்பேசியானாலும், நிறுத்துங்கள். அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிறதே போதும். அந்த பிளெக்ஸைக் கழற்ற வையுங்கள். அப்புறம், மருத்துவர் சீட்டோடு முறையாக விற்கிற ஒவ்வொரு குளுட்டாதயோன் குப்பியோடும் தமிழில் ஒரு துண்டுத்தாள் கொடுக்க மருந்துக் கடைகளுக்கு உத்தரவிடுங்கள். பக்க விளைவு வந்தால் சொல்ல 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண் நாடு முழுக்க இருக்கிறது. அதை எங்கள் ஊரில் மருந்துக் கடைக்காரர்களுக்கே தெரியவில்லை. அந்த எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். சுகாதாரத் துறையோடு பேசி, வீட்டு ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஒரு டப்பா வைக்கச் சொல்லுங்கள்.

துண்டுத்தாளில் என்ன எழுதலாம் என்று நானே ஒன்று எழுதிப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் பேசுகிற மாதிரி.

“இது சத்து இல்லை, மருந்து. மருத்துவர் எழுதாமல் போடாதீர்கள். வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். அன்றைக்கு வேண்டிய ஒன்றை அன்றைக்கு வாங்கி, போடும் இடத்துக்கே கொண்டுபோங்கள். ஓரிரு நாள் வைக்கத்தான் வேண்டும் என்றால் அட்டைப் பெட்டியோடு வையுங்கள், வெளிச்சம் படக் கூடாது. பெட்டியில் எத்தனை டிகிரி போட்டிருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு மேலே தமிழில் எழுதி வாங்குங்கள். 25 டிகிரிக்குக் கீழே என்று இருந்தால் நம் ஊர் கோடையில் அலமாரி ஆகாது. பிரிட்ஜ் என்றால் நடுத்தட்டு. கதவு கூடாது, திறக்கத் திறக்கச் சூடாகும். பிரீசர் கூடாது, அதை ஒட்டியும் கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. மூடி தளர்ந்திருந்தால், தூள் ஈரமாக ஒட்டியிருந்தால், தேதி முடிந்திருந்தால், லேபிள் கிழிந்திருந்தால் போடாதீர்கள். கரைக்கும் தண்ணீர் அதற்கென்று கொடுத்ததாக மட்டும் இருக்க வேண்டும். கரைத்தவுடன் போட வேண்டும். மீதியை வைக்கக் கூடாது, விலை எவ்வளவு ஆனாலும். வேறு எந்த மருந்தையும் அதே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஒரு ஊசி, ஒரு சிரிஞ்சு, ஒரு ஆள், ஒரே தடவை. ரத்தக் குழாயில் போடுவது வீட்டு வேலை இல்லை. செவிலியரே பக்கத்து வீட்டில் இருந்தாலும் வீட்டில் வேண்டாம். போட்டபின் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்காருங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால் 108-க்குக் கூப்பிடுங்கள். குளிர் நடுக்கம் வந்தால் காய்ச்சல் மாத்திரையோடு விடாதீர்கள், குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.”

கையால் எழுதிய அந்தப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் உங்கள் மருந்தாளுநர்கள் திருத்தட்டும். 500 பிரதி அச்சிட்டு அனுப்பினால் எங்கள் ஊர் மருந்துக் கடைகளுக்கும் பார்லர்களுக்கும் நானே நடந்துபோய்க் கொடுத்துவிடுகிறேன். அந்த அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கோவில்பட்டி வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.